பெரியப்பாவை ஹவில்தாராக்கிய கடிதம்

என் தங்கையின் கல்யாணத்தன்று பெண்கள் பந்தலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குங்குமத் தட்டு ஒவ்வொருவராகக் கடந்து வந்தது. தட்டை ஏந்தி வந்த பெண் எங்கள் பெரியம்மையின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். நீட்டுவதா, தாண்டிப் போவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த என் அம்மையைப் பார்த்தாள். அம்மை தரையைப் பார்த்தாள். கடைசியில் பெரியம்மையே அந்தப் பெண்ணைக் காப்பாற்றினாள். "அடுப்புல பாலு கெடக்கு, பொங்கிரும்" என்று சொல்லிக்கொண்டே எழுந்து உள்ளே போனாள். ஏதோ எடுக்க நான் அடுக்களைக்குப் போனபோது அடுப்பில் பாலும் இல்லை, நெருப்பும் இல்லை. அவள் சுவரைப் பார்த்தபடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

பெரியம்மை என் அப்பாவின் அண்ணன் மனைவி. அவள் சுமங்கலியா, விதவையா என்பது யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. விக்டோரியா ராணியின் காலத்தில், கல்யாணமான மறு வருஷமே, பெரியப்பா ஒரு மாட்டு விஷயத்தில் தன் தகப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டிப் போனார். பாளையங்கோட்டையில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து கப்பலில் பர்மா சண்டைக்குப் போனார். இரண்டு வருஷம் கழித்து அவரோடு போன ஒருவர் மட்டும் வந்து, ஒரு கம்பளியையும் நம்பர் வெட்டிய பித்தளை வில்லை ஒன்றையும் கொடுத்தார். கடும் காய்ச்சலில் அவரை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டு, தங்கள் கூட்டம் மேலே நகர்ந்துவிட்டதாகச் சொன்னார். செத்ததைப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். பெரியம்மைக்கு அப்போது பதினேழு வயதுகூட நிறையவில்லை. அன்றிலிருந்து அவள் தாலியைக் கழற்றவும் இல்லை, வெளியே தெரிய விடவும் இல்லை. நெற்றியில் குங்குமம் வைக்கவில்லை. வெறும் நெற்றியாகவும் விடவில்லை. பயறு அளவில் ஒரு சந்தனப் பொட்டு. நாற்பத்தைந்து வருஷம் அந்தச் சந்தனத்திலேயே ஓட்டினாள்.

பெரியப்பா பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்தவர் என்றுதான் ஊர் நம்பியது. உண்மையில் அவர் டோலி தூக்கினார். காயம்பட்ட, காய்ச்சலில் விழுந்த சிப்பாய்களைத் துணிக்கட்டிலில் போட்டுத் தோளில் சுமந்து போகிற வேலை. மேல்துண்டைத் தவிர எதையும் தோளில் போட்டறியாதவர்கள் எங்கள் வீட்டு ஆண்கள் என்று எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. கண்டவனையும் சுமந்தான், அவனுடைய மலத்தையும் ரத்தத்தையும் தொட்டான் என்று தெரிந்தால் பெண் கொடுப்பார்களா, எடுப்பார்களா? "டோலின்னு வெளிய மூச்சு விட்டிராத லே" என்று அப்பா எனக்குச் சொல்லியிருந்தார். சொல்லாமலிருந்தாலும் நான் மூச்சு விட்டிருக்க மாட்டேன். எனக்கு அவரைவிட வெட்கம் அதிகம்.

முப்பதுகளின் தொடக்கத்தில் நான் நாகர்கோவிலில் ஒரு சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா. குடும்பத்தில் இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவனே. தங்கை கல்யாணம் முடிந்த மறு வாரம் பெரியம்மை ஊரிலிருந்து நடந்தே என்னைத் தேடி வந்தாள். சேலை முந்தியை அவிழ்த்து அந்தப் பித்தளை வில்லையை என் மேசைமேல் வைத்தாள்.

"பட்டாளத்துக்காரங்க எல்லாத்தையும் எழுதி வச்சிருப்பாங்களாமே. செத்துப்போனாவளா, இருக்காவளான்னு கேட்டு எழுது மக்கா. எனக்கு அழுவ ஒண்ணும் மிச்சமில்ல. ஒண்ணு பொட்டு வைக்கணும், இல்லன்னா அழிக்கணும். இப்பிடி நடுவுல நிக்க காலு வலிக்கி."

பிறகு குரலைத் தாழ்த்தி, "டோலின்னே எழுது. அவிய அந்த வேலைதான் பாத்தாவ. மாத்தி எழுதினா ஆளு கெடைக்காது" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கு இருந்த அந்தச் சின்ன விவேகம் எனக்கு இல்லாமல் போயிற்று.

கடிதம் டைப் அடிக்கப்பட வேண்டும். டைப் அடித்தது தலைமைக் குமாஸ்தாவின் கையால் போக வேண்டும். அவருக்குப் பூதப்பாண்டியில் ஒரு மைத்துனர் இருந்தார். அந்த மைத்துனருக்கு ஒரு பெண் இருந்தாள். அவளை எனக்குக் கட்டிக்கொடுக்கும் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. "உம்ம பெரியப்பா பட்டாளத்துல என்னவா இருந்தாருவே?" என்று அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார். "ஹவில்தார்" என்று என் வாய் சொல்லிற்று. சிப்பாய் என்று சொல்லியிருந்தாலும் போதும். பொய்தான் சொல்கிறோம், கொஞ்சம் உயர்த்தியே சொல்லுவோம் என்று தோன்றியிருக்க வேண்டும். பித்தளை வில்லையிலிருந்த நம்பரை எழுதினால் டோலிக்காரர் என்பது அம்பலமாகிவிடும் என்று அதை மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிட்டேன். கடிதம் சென்னைக்குப் போயிற்று.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. நான் குறிப்பிட்ட பெயரில் ஹவில்தார் எவரும் பர்மாவில் இறந்ததாகப் பதிவு இல்லை. நம்பர் தெரிந்தால் மறுபடி தேடிப் பார்க்கலாம். நான் அந்த இரண்டாவது வரியை விட்டுவிட்டு முதல் வரியை மட்டும் பெரியம்மைக்குப் படித்துச் சொன்னேன்.

"டோலின்னு எழுதினியா மக்கா?"

"எழுதினேன் பெரியம்மை."

"எங்க, காட்டு."

நான் அனுப்பிய கடிதத்தின் நகலை விரித்து, ஹவில்தார் என்று டைப் அடித்திருந்த இடத்தில் விரலை வைத்தேன். அவள் என் விரலை விலக்கிவிட்டு, தன் விரலை அந்த எழுத்தின் மேல் மெல்ல ஓட்டினாள். அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் இந்த வயதில் எத்தனையோ பேரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அதில் எதுவும் அப்படி விரல் வைத்துக் காட்டிச் சொன்னதில்லை.

"அப்போ சாவலன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டாள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. தகவல் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொண்டு போய்விடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையைச் சொல்ல எனக்கு அப்போது ஒரு நிமிஷம் கிடைத்தது. "அப்படியும் இருக்கலாம்" என்றேன்.

மறுநாள் காலையில் பெரியம்மை குளத்தில் குளித்துவிட்டு நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தாள் என்று அம்மை சொல்லி அனுப்பினாள். அறுபதைத் தாண்டிய நெற்றியில், கட்டை விரல் அகலத்துக்கு. தாலியை எடுத்துச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டாள். வளையல்காரரிடம் கைநிறையக் கண்ணாடி வளையல் அடுக்கிக்கொண்டாள். அம்மை பதறிப்போனாள். ஊர் முதலில் சிரித்தது. அரசாங்கமே கடிதம் போட்டிருக்கிறது என்று அவள் சொன்னதும் சிரிப்பு நின்றது. கல்யாண வீடுகளில் முதல் வரிசையில் உட்கார ஆரம்பித்தாள். தட்டு வரும் முன்பே கையை நீட்டுவாள். கேலி பேசவும் அப்போதுதான் கற்றுக்கொண்டாள். "பர்மாக்காரி ஒருத்தியக் கூட்டிட்டு வந்தாலும் வரட்டும்டே. அவளுக்கும் ரெண்டு பிடி அரிசி சேத்துப் போட்டாப் போச்சு" என்பாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவளைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பூதப்பாண்டிப் பெண்ணையே கட்டினேன். பத்மநாபபுரத்துக்கு மாற்றலாகிப் போனேன். மேசையைக் காலி செய்தபோது பித்தளை வில்லை கையில் கிடைத்தது. புது ஊரில் அந்தத் தலைமைக் குமாஸ்தா இல்லை, மறைக்க வேண்டிய ஆளும் இல்லை. நானே என் கையால் இரண்டாவது கடிதத்தை எழுதினேன். டோலி தூக்குபவர், இன்ன நம்பர். நாற்பதே நாளில் பதில் வந்தது. பர்மாவில், மாந்தளைப் பட்டாள ஆஸ்பத்திரியில், காய்ச்சலில், இன்ன தேதியில் இறந்தார். மூன்று வரிதான். ஒரு வார்த்தையை மாற்றாமல் எழுதியிருந்தால் முதல் தடவையே வந்திருக்க வேண்டிய மூன்று வரி. ஒரு ஜோசியரிடம் சிநேகிதர் வீட்டுக் காரியம் என்று சொல்லித் திதி கணித்து வாங்கினேன். மாசி மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமி. நாற்பத்தைந்து வருஷமாக யாரும் ஒரு கை எள்ளும் தண்ணீரும் இறைக்காத பஞ்சமி.

அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று தடவை ஊருக்குப் போனேன். முதல் தடவை அவள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை, திருநெல்வேலியிலிருந்து வரும் பஸ் கணவாயடியில் நிற்கிற இடத்துக்குப் போயிருந்தாள். தினமும் போகிறாள் என்று அம்மை சொன்னாள். மூன்றாவது தடவை எனக்கு ஆப்பம் சுட்டுப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் நான் அவள் மேலுள்ள பரிவால் சொல்லாமல் வந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பரிவும் கொஞ்சம் இருந்தது. ஆனால் சொன்னால் அவள் குங்குமத்தை அழிப்பதற்கு முன்னால், "அப்போ மொதல்ல எழுதினது என்னது மக்கா?" என்று கேட்பாள். எனக்கு அந்தக் கேள்விக்குத்தான் பயம்.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்குக் காலும் முகமும் வீங்கின. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வில்வண்டி பிடித்துக்கொண்டு போனேன். அவள் வர மறுத்தாள். "நான் இங்கன இல்லாத நேரம் பாத்து அவிய வந்து நின்னா? கதவு பூட்டிக் கெடந்தா என்ன நெனைப்பாவ?" என்றாள். அப்போதும் கடிதம் என்னிடம் இருந்தது. வரமாட்டார் பெரியம்மை, வண்டியில் ஏறு என்று ஒரே மூச்சில் சொல்லியிருக்கலாம். நான் வண்டிக்காரரைத் திருப்பி அனுப்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாளா என்று தெரியாது. தெரியாது என்பதைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் சோறு தின்றிருக்கிறேன்.

பத்து நாள் கழித்து என்னை ஆள்விட்டுக் கூப்பிட்டாள். பேச்சு இழுத்து இழுத்து வந்தது. "அவிய வந்தா வையாத. சோறு போடு. அப்புறமா, நான் பொட்டோடதான் போனேன்னு சொல்லு. சொல்லுவியா மக்கா?" சொல்கிறேன் என்றேன். மறுநாள் மதியம் போய்விட்டாள்.

அவளை மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டி, கூறைச் சேலை கட்டி, நெற்றியில் புதுக் குங்குமம் வைத்தார்கள். பெண்கள் வரிசையாக வந்து அந்த நெற்றியிலிருந்து தொட்டுத் தங்கள் நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். என் மனைவியும் வைத்துக்கொண்டாள். கொள்ளி வைத்தது நான். பெரியப்பா உயிரோடு இருப்பதாக ஊரே நினைத்ததால் அவருக்கு யாரும் ஒரு சடங்கும் செய்யவில்லை.

இப்போது நான் பெரியம்மை செத்த வயதைக் கடந்துவிட்டேன். என் மனைவியும் இல்லை. மாசிப் பஞ்சமியன்று கன்னியாகுமரிக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போய்க் கடலில் இறங்குகிறேன். ஊரான் பிள்ளைகளைத் தோளில் சுமந்து, தன்னைச் சுமக்க ஆளில்லாமல் செத்த அந்த மனிதருக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிறேன். விட்டுவிட்டு, "பெரியம்மை பொட்டோடதான் போனா" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். எல்லா வருஷமும் அதோடு கரையேறிவிடுகிறேன். ஹவில்தார் என்று எழுதிய விஷயத்தை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.