சக்கரமில்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழம்

கடல் இல்லாத பெங்களூரில் படகுக்கு வயரிங் செய்கிறேன் என்று சொன்னால் ஆட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பார். ஏரிகள் இருக்கின்றன, ஏரி நிறைய ஆகாயத்தாமரை இருக்கிறது. அதை அள்ளுவதற்கு பேட்டரியில் ஓடும் தட்டைப் படகுகளை அடுகோடியில் ஒரு பட்டறை செய்கிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பட்டறையில் படம் வரைந்து, கம்பி இழுத்து, ஒரு முழுப் படகையும் தனியாக வயரிங் செய்த முதல் பெண்ணும் நான்தான். இதை நான் நிறையப் பேரிடம் சொல்வதாக அம்மாவுக்குக் குறை. அவள் சொன்னதில் பாதிகூட நான் சொன்னதில்லை. தொம்மலூரில் எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவருபவருக்கும் விஷயம் தெரியும்.

முதலாளி கன்னடக்காரர். எங்களோடு பேசித் தேறிய தமிழில் கணக்காகச் சொல்லிவிட்டார். "ஏரியில நல்லா ஓடிச்சுன்னா இனி எல்லா போட்டுக்கும் வயரிங் நீயே. நடுவுல நின்னுச்சுன்னா பேஜார் பண்ணிக்காதம்மா, வெளி ஆள்தான்."

வெளி ஆள் என்பது எங்கள் பட்டறையில் மோட்டார் மாட்டும் அண்ணனின் மச்சான். அண்ணன் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். மரியாதையால் அல்ல.

படகு தயாரான வாரமே ஆயுத பூஜை வந்தது. அம்மா கதம்பம், பொரி, எலுமிச்சம்பழம் எல்லாம் வாங்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். வெல்டிங் மெஷினுக்குப் பொட்டு வைத்தாள், ஏணிக்கு வைத்தாள், தடுக்கப் போன அண்ணனுக்கும் வைத்தாள். படகிடம் வந்ததும் நின்றுவிட்டாள். அது இரும்பு முக்காலிகளின் மேல் உட்கார்ந்திருந்தது.

"ஏன்டி, பழத்தை எங்க வைக்கிறது?"

"இதுக்கு வேணாம்மா. சக்கரம் இல்ல."

"வண்டின்னா பழத்தை நசுக்கிட்டுத்தான் கிளம்பணும். சக்கரம் இல்லன்னு சாமிகிட்ட போய் நீ சொல்றியா?"

"பின்னாடி இருக்கிற விசிறியில வைங்கம்மா, ஜூஸாவே வந்துடும்" என்றார் அண்ணன்.

நான் எல்லோருக்கும் பொரி கொடுத்து முடித்துத் திரும்பியபோது அம்மா கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பழத்தைக் காணோம். கேட்டதற்கு, "அதெல்லாம் பாத்துக்கிட்டேன், போ" என்றாள். நானும் போய்விட்டேன்.

சில வாரம் கழித்து, வாடகை டிராலியில் படகை ஏற்றி ஏரிக்குக் கொண்டுபோனோம். கரையில் முதலாளி, படகை வாங்கப்போகும் ஏரிக் கமிட்டித் தலைவர், அப்புறம் எங்கள் தெருவிலிருந்து இரண்டு பெண்களோடு அம்மா. யார் கூப்பிட்டது என்று கேட்கவில்லை. தலைவர் சாரிடம், "என் பொண்ணு போட்ட கரண்டு" என்று அம்மா சொன்னது எனக்கே கேட்டது.

படகில் நானும் அண்ணனும். மீட்டரில் பேட்டரி முழுசாக இருந்தது. மெதுவாக ஓட்டியவரை வாத்து மாதிரி போனது. நடு ஏரியில் ஆகாயத்தாமரையைத் தள்ளுவதற்காக அண்ணன் வேகத்தைக் கூட்டினார். சட்டென்று எல்லாம் அணைந்தது. நிறுத்திப் போட்டால் மீட்டர் முழு பேட்டரி காட்டியது. வேகம் கூட்டினால் மறுபடியும் செத்தது.

"மேடம், மச்சானுக்குப் போன் போடட்டா? நீச்சல் தெரியும் அவனுக்கு."

"போடுங்க. வர்றப்ப டிபன் வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

சும்மா இருக்கும்போது முழுசாகவும் சுமை ஏறினால் இல்லாமலும் போகிறதென்றால், பெரும்பாலும் பேட்டரி குற்றவாளி அல்ல. எங்கோ ஓர் இணைப்பு பிடிக்கவில்லை. பேட்டரிப் பெட்டியைத் திறந்தாக வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரும் போகாதபடி ரப்பர் வைத்து நான் மூடிய பெட்டி. பூட்டு கிடையாது, கொக்கியைத் தள்ளினால் யாரும் திறக்கலாம். சார்ஜ் போட வெளியிலேயே சாக்கெட் வைத்திருந்ததால், பூஜைக்குப் பிறகு அதைத் திறக்க வேலையே வரவில்லை. அதில் எனக்குப் பெருமை வேறு.

மூடியை எடுத்ததும் ஊறுகாய் வாசனை அடித்தது.

கடைசி பேட்டரியின் முனைமேல், குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்று மூடி அழுத்தியதில் அப்பளமாக நசுங்கி, கறுத்து உட்கார்ந்திருந்தது. சாறு இறங்கி, கம்பியின் செம்பு முனை பச்சைப் பசேலென்று பூத்திருந்தது. உறுதிக்காக என் பையிலிருந்த கை மீட்டரின் ஒரு ஊசியை பேட்டரி முனையிலும் மற்றதைக் கம்பி முனையிலும் வைத்து, அண்ணனை வேகம் கூட்டச் சொன்னேன். இணைப்பு சரியாக இருந்தால் அங்கே ஒன்றுமே காட்டக் கூடாது. முள் இல்லாத மீட்டர் என்பதால் எண்கள் துள்ளின. மோட்டாருக்குப் போகவேண்டியதை அந்தப் பழம் தின்றுகொண்டிருந்தது.

அண்ணன் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. "அம்மா பாத்துக்கிட்டாங்க மேடம்! நல்லாவே பாத்துக்கிட்டாங்க!"

மெயின் ஸ்விட்சை அணைத்து, கழற்றி, துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கை வேலை செய்தது, மனசு கரையில் இருந்தது. இணைப்புக் கோளாறு என்று மட்டும் சொன்னால் என் வயரிங் போச்சு, மச்சான் வந்துவிடுவார். பழத்தைச் சொன்னால் தெருப் பெண்கள் முன்னால் அம்மாவின் முகம் என்னாகும்?

மாட்டி முடுக்கியதும் படகு பாய்ந்தது. ஆகாயத்தாமரையை ஒரு மூட்டை அள்ளிக்கொண்டே கரைக்கு வந்தோம்.

"ஏன்ம்மா நின்னுச்சு?" என்றார் முதலாளி.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் அந்தக் கறுத்த பழத்தை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "வயரிங்ல தப்பே இல்ல சார். இதான் உள்ள இருந்துச்சு." மச்சானை விட்டுக்கொடுத்து அவர் எனக்காகப் பேசியதை இன்றுவரை நம்ப முடியவில்லை. பழத்தைக் காட்டும் சந்தோஷம் அவ்வளவு பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

நான் தரையைப் பார்த்தேன். அம்மா பழத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்துப் பெண்களை இழுத்துக் காட்டினாள்.

"பாத்தியாக்கா, எப்படிக் கறுத்துப்போச்சு! என் பொண்ணுமேல இருந்த கண்ணு மொத்தமும் இது வாங்கிக்கிச்சு. இல்லன்னா நடு ஏரியில படகே முழுகியிருக்கும்!"

அந்தப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தலைவர் சாரும் தலையாட்டினார். முதலாளி மட்டும் என்னையும் பழத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சரிம்மா, இனி வயரிங் நீயே. பெட்டிக்குப் பூட்டு போடு. சாவி அம்மாகிட்ட கொடுக்காத."

படகை மறுபடி டிராலியில் ஏற்றி, நான் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா குனிந்து கீழே பார்த்தாள்.

"ஏன்டி, இதுக்குத்தான் சக்கரம் இருக்குதே! ரெண்டா இருக்குது! அன்னிக்கே இதைக் கொண்டாந்து நிறுத்தக் கூடாதா? இவ்வளவு படிச்சியே, இது தோணலையா உனக்கு?"

இடுப்புப் பையிலிருந்து அவள் இன்னொரு பழத்தை எடுத்தாள்.