மெக்கானிக் ஏற்றிய சுருதி

வாஷிங் மெஷினில் என்ன கோளாறு என்பதை மெக்கானிக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவான். ஓடுகிற சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில், "பேரிங் போச்சும்மா, இனி தள்ளிப்போடாதீங்க" என்பான். அப்பேர்ப்பட்ட காதுக்குத் தன் மச்சினி பாடுவது எப்படி இருக்கிறதென்று தெரியாமலா போகும்? தெரியும். பிரமாதமாக இருக்கிறது என்று தெரியும். அதுதான் வயிற்றெரிச்சலே.

அந்த ப்ளூஸ் ராக் குழுவைத் தொடங்கியவன் அவன். ரிப்பேர் கடையின் பின்னறையில், பிரித்துப் போட்ட மோட்டார்களுக்கு நடுவே. கிட்டார் அவன், பாட்டெழுதுவது அவன், பாடுவதும் அவன்தான். ஆறு வருஷத்துக்கு முன்னால் பெண்டாட்டி சொன்னாள்: "என் தங்கச்சியையும் சேத்துக்கோங்களேன். சும்மா பின்னாடி நின்னு பாடட்டும்."

பின்னாடி நிற்கிற ஆளா அவள்? டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். உள்ளங்கையைக் காட்டினால் பஸ்ஸே நிற்கும். இரண்டாவது வாரமே குழு அவள் கைக்கு வாசிக்கத் தொடங்கிவிட்டது. பெற்ற தகப்பன் பேச்சையே கேட்காத டிரம்ஸ்காரன் அவள் புருவத்தைப் பார்த்து அடித்தான். எல்லோருக்கும் அவள் டீச்சர். ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டதென்று மெக்கானிக் மைக்கை அவளிடம் கொடுத்தான். தொண்டை மூன்று நாளில் சரியாகிவிட்டது. மைக் திரும்பவே இல்லை.

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய விரட்டின கதையா இருக்கு" என்றான் பெண்டாட்டியிடம்.

"யாரும் விரட்டலையே. குடுன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்பானா? மானம் போய்விடாது?

இந்த வருஷ நிகழ்ச்சிக்குப் போஸ்டர் வந்தது. அவள் முகம் ஆளுயரத்துக்கு. ஓரத்தில் அவனுடைய கிட்டாரின் கழுத்தும் ஒரு முழங்கையும். "முழங்கை சூப்பரா விழுந்திருக்குப்பா" என்றாள் மகள். அவனும் சிரித்துவைத்தான். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. ஒரே ஒரு தடவை, ஊர் பார்க்க, அவள் குரல் உடைய வேண்டும். அப்போதுதான் மைக் யாருடையது என்று நாலு பேருக்கு உறைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அரங்கம் நிரம்பிவிட்டது. மேடை ஏறுமுன் பேஸ் கிட்டார் வாசிப்பவனைத் தனியே அழைத்தான்.

"கடைசிப் பாட்டு ரெண்டு கட்டம் மேல ஏத்தி வாசிக்கிறோம்."

"அதுலயா அண்ணே? ஏற்கெனவே உச்சியிலதானே நிக்குது. டீச்சருக்குத் தெரியுமா?"

"அவதான் கேட்டா."

பொய் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது.

கடைசிப் பாட்டு அவன் எழுதியது. அவன் குரலுக்கென்றே சுருதி வைத்தது. அதே சுருதியில்தான் அவளும் இத்தனை வருஷமாகப் பாடிவந்தாள். கிட்டாரின் கழுத்தில் சுருதி ஏற்றும் கவ்வியை இரண்டு கட்டம் தள்ளி மாட்டித் தொடங்கினான். முதல் அடியிலேயே அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவன் கம்பிகளைக் குனிந்து பார்த்துக்கொண்டான். அவள் பாடினாள். கழுத்து நரம்பு புடைத்தது, குரல் உடையவில்லை. இருக்கட்டும், கடைசி அடி இருக்கிறது, அதில் மாட்டுவாள் என்று காத்திருந்தான்.

கடைசி அடிக்கு முன் அவள் உள்ளங்கையைக் காட்டினாள். எல்லா வாத்தியமும் நின்றது.

"இந்த அடிய இன்னைக்கு இத எழுதினவர் பாடுவார்" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "ஆறு வருஷமா நானே பாடிட்டிருக்கேன். வாங்க மாமா."

முன்வரிசையில் பெண்டாட்டி எழுந்து செல்போனை உயர்த்திப் பிடித்தாள். மகள் விசிலடித்தாள். ஆக, அவனைப் பாடவைக்கப்போவது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அக்காவும் தங்கையும் பேசிவைத்திருக்கிறார்கள். மைக் அவன் கையில் இருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

பாடினான். பாதி அடியில் குரல் கிழிந்தது. மூன்றாவது வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்த நொடி அவன் தோளுக்குப் பக்கத்திலிருந்து அவள் குரல் அவன் குரலுக்கு அடியில் புகுந்து, அவனைத் தாங்கி, மீதியைக் கரை சேர்த்தது. எல்லாம் ஏற்பாடுதான் என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று தட்டியது.

மேடைக்குப் பின்னால் டிரம்ஸ்காரன் எரிந்து விழுந்தான். "எவன்யா சுருதிய ஏத்தினது? மனுஷன் தொண்டையே கிழிஞ்சுபோச்சு!"

பேஸ் வாசிப்பவன் மச்சினியைப் பார்த்தான். "டீச்சர் கேட்டதா அண்ணன் சொன்னாரே…"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மெக்கானிக்கைப் பார்த்தாள். அந்தக் கணத்தில் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது, அவனுக்கும் அது தெரிந்துவிட்டது.

"ஆமா, நான்தான் கேட்டேன்" என்றாள். "மாமா பாடப்போறது ஞாபகம் இல்லாம கேட்டுட்டேன். என் தப்புதான், திட்டாதீங்கப்பா."

குரலில் ஒரு பிசிறு இல்லை. எல்லோரும் நம்பினார்கள். மெக்கானிக் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினான். பாழாய்ப்போன வயிறு இன்னும் அதிகமாக எரிந்தது. பொய்யைக்கூட அவள் அவனைவிட நன்றாகச் சொன்னாள்.