கேப்டன் படகின் ஃப்ரிட்ஜ்

படகுத்துறையில் அவரை எல்லாரும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருடைய பாய்மரப் படகு துறையை விட்டு ஒரு முழம்கூட நகர்ந்ததில்லை என்பது வேறு விஷயம். அவர் மனைவி கேப்டனம்மா ஆகிவிட்டாள். அந்தப் பெயரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். காலமெல்லாம் தபால் நிலையத்தில் நின்றுகொண்டே ஊர்வாரியாகக் கடிதம் பிரித்து, மணிக்கட்டு நிரந்தரமாக வீங்கிப்போனவள். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாற்காலியில் காலை நீட்டி உட்கார வேண்டும் என்பதற்கு மேல் அவள் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. காலை நீட்டினால் சுவரில் இடிக்கிற இடத்தில் கொண்டுவந்து அவளைக் குடிவைத்தார் மனிதர்.

அவர் லிஃப்ட் இன்ஸ்பெக்டராக இருந்தவர். வேலைக்காலம் முழுக்கப் பெட்டிக்குள் நின்று மேலே போவதும் கீழே வருவதுமாகக் கழிந்தது. அந்த வெறுப்போ என்னவோ, பிரிவுபசார விழாவில் மைக்கைக் கையில் கொடுத்ததும், இனி பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றப்போவதாக அறிவித்துவிட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அவ்வளவு பேர் கைதட்டிய பிறகு ஒரு மனிதர் எப்படிப் பின்வாங்குவார்? வீட்டை விற்றார், ஒரு பழைய படகை வாங்கினார்.

வாங்குவதற்கு முன் மனைவியைக் கேட்கத்தான் செய்தார். அவள், “உங்க இஷ்டம்” என்றாள். அவள் வாயில் அந்த இரண்டு வார்த்தைக்கு, வேண்டவே வேண்டாம் என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து அவர் அதைச் சரி என்று மட்டுமே எடுத்துக்கொண்டவர். அன்றைக்கும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

படகுக்குள் ஒரு ஆள் நின்றால் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அடுப்புக்கு எதிரே மேஜை, மேஜைக்கு அடியில் அரிசி டப்பா, முன்பக்கம் முக்கோணமாக ஒரு படுக்கை. படுத்தால் இருவர் தலையும் தள்ளி இருக்கும், கால்கள் மட்டும் ஒன்றோடொன்று இடிக்கும். காதுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு பலகைதான். பக்கத்தில் ஏதாவது பெரிய படகு போனால் எல்லாம் ஆடும். அவள் மேஜை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாள். கட்டிப்போட்ட இடத்திலேயே இந்த ஆட்டம் என்றால், கரை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன கதி என்று நினைத்துக்கொள்வாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அவளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஒரு ஃப்ரிட்ஜ்.

சமையல் மேடைக்குள்ளேயே கட்டிய பெட்டி அது. மேல்மூடியைத் தூக்கி, கிணற்றில் எட்டிப் பார்ப்பதுபோலக் குனிந்துதான் எதையும் எடுக்க வேண்டும். கம்ப்ரசர் படகின் வயிற்றுக்குள் இருந்தது. கடல்தண்ணீரைக் குழாய் வழியே உள்ளே இழுத்து, அந்தத் தண்ணீரால்தான் கம்ப்ரசரின் சூட்டை வெளியேற்ற வேண்டும். தண்ணீர் வராவிட்டால் சூடேறி மெஷின் நின்றுவிடும். தண்ணீர் உள்ளே வரும் இடத்தில் ஒரு வால்வு. அது முன்பக்கப் படுக்கைக்கு அடியில், கேப்டனின் தலையணைக்கு நேர் கீழே, ஒரு கனமான பலகைக்குள் இருந்தது. கேப்டனுக்குச் சர்க்கரை வியாதி. தினமும் போட்டுக்கொள்ளும் ஊசி மருந்து குளிரில் இருந்தாக வேண்டும். ஆகவே ஃப்ரிட்ஜ் ஓடாமல் படகு கடலுக்குப் போக முடியாது. இதைத் துறையில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

அந்த வால்வுக்கு ஒரு சட்டம் உண்டு, கேப்டன் போட்ட சட்டம். வால்வு திறந்திருக்கும்போது பக்கத்துக் கொக்கியில் ஒரு சிவப்புத் துணி தொங்க வேண்டும். வால்வை மூடுகிறவர் அந்தத் துணியை எடுத்துப்போய் ஃப்ரிட்ஜ் ஸ்விட்சில் கட்ட வேண்டும். தண்ணீர் இல்லாமல் யாரும் மெஷினை ஓட்டிவிடக் கூடாது என்பதற்காக. லிஃப்ட் வேலையில் பழகிய பழக்கம் அது. லிஃப்ட் ஓடுகிற கிணறுபோன்ற குழிக்குள் ஆள் இறங்கியிருக்கும்போது, துணி கட்டாத ஸ்விட்சை யாரோ போட்டுவிட, கூட வேலை பார்த்த ஒருவர் நசுங்கிப்போனதைக் கண்ணால் பார்த்தவர் அவர். துணி விஷயத்தில் மட்டும் விளையாடவே மாட்டார். கட்டின மனைவியைக்கூட மறந்துவிட்டு வருவார், துணியை மறக்க மாட்டார்.

பழைய மெஷின் நொண்டிக்கொண்டுதான் இருந்தது. ஒரு தடவை பம்ப் போனது, ஒரு தடவை கேஸ் கசிந்தது, பிறகு காரணமே தெரியாமல் நின்றது. புறப்படும் நாள் நெருங்கினால் போதும், அதற்கு உடம்புக்கு முடியாமல் போய்விடும். பக்கத்துப் படகுக்காரர்கள் முதலில் வழியனுப்பக் கூட்டமாக வந்தார்கள். பிறகு இருந்த இடத்திலிருந்தே கையை ஆட்டினார்கள். கடைசியில், கேப்டன் எப்போ கிளம்பறார் என்று கேட்டாலே துறையில் சிரிப்பு கிளம்பியது. கேப்டனம்மாவுக்கோ அந்த மெஷின்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. அவள் பக்கம் வாதாட அது ஒன்றுதான் இருந்தது.

ரிப்பேருக்கு வருகிறவரைக் கூலிங்காரர் என்பார்கள். சிடுசிடுப்பான ஆள், வேலையில் சுத்தம். ஒருநாள் அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, இதற்கு மேல் ஒட்டுப்போட முடியாது, மொத்தமாக மாற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். கேப்டன் இழுத்தார். இன்னும் ஒரே ஒரு தடவை கேஸ் அடித்துப் பார்க்கலாமே என்றார். ஊரிலிருந்து போனில் மகள் பிடித்த பிடியில், பழசு கழன்று புதுசு வந்தது. பழைய கம்ப்ரசரைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது கேப்டனம்மாவுக்கு அழுகை முட்டியது. புதுசு சத்தமே இல்லாமல் ஓடியது. ஃப்ரிட்ஜின் உள்சுவரில் பூப்பூவாகப் பனி பிடித்தது.

“இனிமே பத்து வருஷத்துக்கு என்னைத் தேட மாட்டீங்கம்மா. தைரியமா கிளம்புங்க” என்றார் கூலிங்காரர். அவருக்குக் கொடுத்த டீயில் பாதி சாஸரில் கொட்டியது.

கேப்டன் பனியைத் தொட்டுப் பார்த்து, பிரமாதம் என்றார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கிளம்பும் பரபரப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த வாரமே நாள் குறித்தாயிற்று. அவள் மகளிடம் போனில் பேசும்போது, இனிமேல் பேசவே முடியாதவள் மாதிரிப் பேசினாள்.

புறப்படுவதற்கு முதல் நாள் காலை ஃப்ரிட்ஜ் நின்றிருந்தது.

கேப்டன் மேலே ஏறி, துறை முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட ஆரம்பித்தார். புது மெஷின் என்று பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான், ஏமாற்றுக்காரன் என்றார். கேப்டனம்மாவுக்குச் சாமி கண் திறந்ததுபோல இருந்தது. அந்த நிம்மதியோடு துவைக்கிற துணிகளை எடுத்தாள். கேப்டன் நேற்றுப் போட்டிருந்த சட்டையின் பையைத் தடவிப் பார்த்தாள். சிவப்புத் துணி வந்தது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. ஸ்விட்சைப் பார்த்தாள், அதில் எதுவும் கட்டியிருக்கவில்லை. துணி பையில் இருக்கிறது என்றால் கொக்கியில் இல்லை. கொக்கியில் இல்லை என்றால் வால்வு மூடியிருக்கிறது. ஸ்விட்சில் கட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். வால்வை மூடிவிட்டுத் துணியைக் கொக்கியிலேயே விட அந்த மனிதருக்குக் கை வராது. ஊர் உலகத்தை ஏமாற்ற முடிந்தவரால் துணியை ஏமாற்ற முடியவில்லை.

பிறகுதான் அவளுக்கு மருந்து ஞாபகம் வந்தது. இன்றைக்கும் அது ஃப்ளாஸ்கில் ஐஸுக்குள் பத்திரமாக இருந்தது, ராத்திரியே எடுத்து வைத்ததுபோல. யோசித்துப் பார்த்தால், இத்தனை தடவை ஃப்ரிட்ஜ் நின்றதில் பால் கெட்டிருக்கிறது, குழம்பு கெட்டிருக்கிறது, மருந்து ஒரு தடவைகூடக் கெட்டதில்லை. அவருக்கும் பயம். அவளைவிட அதிகமாகவே பயம். அட பாவி மனுஷா என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. இந்தச் சந்துக்குள் காலை மடக்கிக்கொண்டு அவள் கிடந்ததெல்லாம் எதற்காக? அடுத்த நொடியே அவர்மேல் அவளுக்கு இரக்கமும் வந்து தொலைத்தது.

மேலே காலடிச் சத்தம். கூலிங்காரர் அன்று அடுத்த படகில்தான் வேலையாக இருந்தார். ஏமாற்றுக்காரன் என்ற சொல் காதில் விழுந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நேராக வந்துவிட்டார். அவர் இவ்வளவு சீக்கிரம் வருவார் என்று கேப்டன் எதிர்பார்க்கவில்லை. பின்னாலேயே ஓடிவந்து, முதலில் கேஸைப் பாருங்கள், வயரைப் பாருங்கள் என்று குறுக்கே விழுந்தார். கூலிங்காரர் காதில் வாங்கவில்லை. தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறேன் என்று தலையணையைத் தள்ளிவிட்டுப் பலகையில் கை வைத்தார். மேலே துறையில் பத்துப் பேர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கேப்டனின் முகம் வெளுத்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததில்லை.

“வால்வை நான்தான் மூடினேன்” என்று சிவப்புத் துணியை நீட்டினாள். “எனக்குக் கடல்னா பயம்.”

கூலிங்காரர் அந்தக் கனமான பலகையைப் பார்த்தார். வீங்கிக் கிடந்த அவள் மணிக்கட்டைப் பார்த்தார். கேப்டனைப் பார்த்தார். பலகையைத் தூக்கி வால்வைத் திறந்ததும் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

“மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல சார். அதை மட்டும் மேல போய் எல்லார் கிட்டயும் சொல்லிடுங்க” என்றார்.

கேப்டன் போய்ச் சொன்னார். சொல்ல அவருக்கு நேரமே பிடிக்கவில்லை. கூலிங்காரர் மேல் தப்பில்லை, வீட்டுக்காரிக்குக் கடல் பயமாம், என்ன பண்றது, அவளை விட்டுட்டா போக முடியும் என்று ஒவ்வொரு படகாகச் சொல்லிக்கொண்டு போனார். நடையே மாறிவிட்டது, முதுகு நிமிர்ந்துவிட்டது. கீழே அவள் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுபடி ஃப்ரிட்ஜ் சுவரில் பனி பிடிக்க ஆரம்பித்தது.

படகை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் ஃப்ரிட்ஜைத்தான் முதலில் புகழ்ந்தார்கள். இவர்கள் மூன்றாவது மாடியில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தார்கள். அவளுக்கு ஒரு நாற்காலியும் கிடைத்தது, காலையும் நீட்ட முடிந்தது. ஆனால் அந்த நாற்காலியில் நிம்மதியாக உட்கார விட்டால்தானே? வருகிறவர்களிடமெல்லாம் கேப்டன் கதையை ஆரம்பிப்பார். இந்நேரம் நான் உலகத்தின் அந்தப் பக்கம் இருந்திருக்க வேண்டியவன், இவளுக்கு மட்டும் பயம் இல்லாமல் இருந்திருந்தால் என்பார். வந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆமாங்க என்று சொல்லிவிட்டு, தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜ் பக்கம் போவாள். லிஃப்ட் வாசலில் பக்கத்து வீட்டம்மா அவளைப் பார்த்து, பாவம் உங்க வீட்டுக்காரர் என்றாள் ஒருநாள். அன்றைக்கு அவள் படியேறி வீட்டுக்குப் போனாள்.

ஒரு மத்தியானம், இருவர் மட்டும் இருந்தபோது அவள் கேட்டாள். “உங்களுக்குப் பயமே இல்லையா?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்போது சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். எனக்கும்தான் என்று ஒரு சொல் போதும், அவள் எல்லாவற்றையும் மன்னித்திருப்பாள்.

“எனக்கென்ன பயம்” என்றார் அவர். “உனக்குப் பயம்னா அப்பவே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. அதைச் சொல்ல ஒரு ஆளுக்கு இவ்வளவு கஷ்டமா?”

அலமாரி இழுப்பறையில், அவளுடைய நூல்கண்டுகளுக்கு அடியில், அந்தச் சிவப்புத் துணி இருந்தது. எழுந்து போய் எடுத்து வந்து அவர் மடியில் போட அதிக நேரம் ஆகாது. அவள் பாதி எழுந்தாள். அவர் முகத்தில் அந்தப் பழைய வெளுப்பு எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பேச்சை மாற்றுகிறவர் மாதிரி, ஞாயிற்றுக்கிழமை ஆபீஸில் கூட இருந்தவர்கள் பார்க்க வருவதாக அவர் சொன்னார். அன்று மைக் முன்னால் பேசியபோது கைதட்டியவர்கள். நடந்ததைக் கேட்பார்களே என்றார்.

“கடல் கதையைச் சொல்லட்டுமா? உனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?”

“உங்க இஷ்டம்” என்றாள்.

அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.