மெஹந்தி வைக்காத கை

எங்கள் வீட்டு ஆக்டோபஸ் எப்படிச் செத்தது என்று நான்கு வருடமாக நான் ஒரு கதை சொல்லி வந்தேன். நன்றாகவே சொல்வேன். கடலுக்குக் கிட்டத்தட்ட இருநூறு கிலோமீட்டர் தள்ளி, ஆம்பூரில், வீட்டு ஹாலில் ஆக்டோபஸ் வளர்த்தவன் என்றாலே கேட்பவர்கள் வாயைப் பிளந்துவிடுவார்கள். கடைசியில், "எல்லாம் நல்லாத்தான் போய்ட்டிருந்துச்சு. பெருநாள் அன்னைக்கு எம் பொண்ணு மெஹந்தி கையை உள்ள விட்டு அதுக்கு ஈத் முபாரக் சொன்னா. மூணே நாள்ல ஆள் காலி" என்று முடிப்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். என் மகள் அங்கே இருந்தால் காலி டீ கிளாஸ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

அந்தக் கதையின் முடிவு பொய். பொய் என்று, அது செத்த அடுத்த வாரமே எனக்குத் தெரியும்.

நான் ஷூ ஃபாக்டரியில் தோல் பார்ப்பவன். வந்து இறங்கும் தோலை மேசையில் விரித்து, கீறல், உண்ணி கடித்த தழும்பு, நிற வித்தியாசம் எல்லாம் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். வெள்ளைத் துணியை நனைத்துத் தோலின் மேல் அழுத்தித் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதும் என் வேலைதான். துணியில் கறை வந்தால் அந்த லாட்டையே திருப்பி அனுப்பிவிடுவேன். இருபது வருடப் பழக்கம். என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று ஃபாக்டரியில் எனக்குப் பெயர். எனக்கும் அதில் திமிர் ஜாஸ்தி.

மீன் தொட்டி என் பைத்தியம். முதலில் சாதா மீன், அப்புறம் உப்புத் தண்ணீர் மீன், அப்புறம் சென்னையில் கடல் மீன் விற்கும் ஒருவரிடம் சொல்லி வைத்து ஆக்டோபஸ். தெர்மாகோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன். எதிர் சீட்டுக்காரர் ஐஸ்கிரீமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். உண்மையைச் சொல்லியிருந்தால் கம்பார்ட்மெண்ட் முழுக்க எழுந்து வந்திருக்கும்.

வீட்டில் மனைவி ஒரு முறை எட்டிப் பார்த்தாள். எங்கள் வீட்டில் கணவாய் வகையறா எதுவும் சாப்பிடுவதில்லை.

"சாப்பிடவும் ஆவாது, தடவிக் குடுக்கவும் ஆவாது. இதை வெச்சி இன்னா பண்ணப் போறீங்க?" என்றாள்.

உள்ளங்கை அகலத்தில் இருந்த ஒரு பிராணியைக் கடலிலிருந்து பிடித்து வரச் சொல்லி, நான்கடிக் கண்ணாடியில் போட்டுவிட்டு, வருகிறவர்கள் போகிறவர்களிடம் பீற்றிக்கொண்டேன், அவ்வளவுதான்.

தடவிக் கொடுக்க முடியாது என்று மனைவி சொன்னது மட்டும் தப்பாகப் போனது. மகளுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளி விட்டு வந்ததும் பையைக் கழற்றாமலே தொட்டி முன்னால் போய் நிற்பாள். அது உடைந்த மண்சட்டிக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் நீட்டிப் பார்க்கும். அவள்தான் என்று தெரிந்ததும் நிறம் மாறி, செங்கல் நிறத்தில் மேலே வரும். அவள் விரலை நீட்டினால் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்டு விடாது. நான் விரலை நீட்டினால் மூஞ்சியில் தண்ணீரைப் பீய்ச்சும். அவள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெரிய மனிதர்களைக் கூப்பிடுவதுபோல "ஜனாப்" என்றுதான் கூப்பிடுவாள். "ஜனாப் இன்னிக்கு சாப்டாரா?" என்று கேட்பாள்.

சுத்தத்தில் நான் ரொம்பக் கறார். தோல் கழிவு இறங்கிய எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரை நாங்களே குடிப்பதில்லை, அதனால் கேன் தண்ணீரில்தான் கடல் உப்பைக் கலப்பேன். ஃபாக்டரியிலிருந்து வந்து முழங்கைவரை மூன்று தடவை கழுவாமல் தொட்டியில் கைவைக்க மாட்டேன். சோப்பு, சென்ட், கொசு மருந்து எதுவும் அந்த ஹாலில் வரக்கூடாது. அதற்காக எத்தனை தடவை சண்டை போட்டிருக்கிறேன்!

ரம்ஜான் மாதத்தில் ஒரு நாள் அது தொட்டியைவிட்டு வெளியே வந்துவிட்டது. ஃபில்டர் குழாய் போவதற்காக மூடியில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தேன். அதன் வழியாகவே வந்திருக்கிறது. செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஈரத் துணி மாதிரி கிடந்ததை மிதிக்கப் போய், மனைவி போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டது. நல்ல வேளை, உயிர் இருந்தது. எடுத்து உள்ளே விட்டேன்.

இடைவெளியை அடைக்க வேண்டும். எங்கள் ஊரில் எதை அடைப்பதென்றாலும் தோல்தான். கட்டில் கால் ஆடினால் தோல் துண்டு, கதவு அடித்துக்கொண்டால் தோல் துண்டு, குழாய் ஒழுகினால் தோல் வாஷர். வீட்டுக்கு வீடு ஒரு பை நிறைய வெட்டுத் துண்டுகள் கிடக்கும். நான் ஷூவின் உள்பக்கம் வைக்கும் கருப்பு லைனிங் தோலில் பட்டை பட்டையாக வெட்டி, மடித்து, குழாயைச் சுற்றி இறுக்கித் திணித்தேன். பசை போடவில்லை. பசையில் விஷம் இருக்கும் என்று தெரியும், பெரிய புத்திசாலி அல்லவா!

"தோலு தண்ணில படுதே, பரவால்லையா?" என்று மனைவி கேட்டாள்.

"தோலைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?" என்றேன். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஜனாப்புக்கு அந்தப் பட்டைதான் வேலை. மேலே வந்து ஒரு கையால் தொடும், இழுத்துக்கொள்ளும், மறுபடி தொடும். "பாரு, தோலு கிரேடு பாக்குறாரு. நம்ம டிபார்ட்மெண்டுக்கு ஒரு ஆளு கிடைச்சாச்சு" என்றேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆக்டோபஸ் தொடுவதும் ருசி பார்ப்பதும் ஒன்றுதான் என்று நான் படித்திருந்தேன். படித்தது எங்கே போனதோ, அப்போது நினைவுக்கு வரவில்லை.

பெருநாளுக்கு நான்கு நாட்களுக்கு முன்பிருந்தே அது தினம் போடும் இறாலைத் தொடவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் இதைத்தான் வசதியாக மறந்தேன். போட்ட இறால் அடியிலேயே கிடந்தது. எடுத்துக் கொட்டியவனே நான்தான்.

பெருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் தெருப் பெண்பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து மெஹந்தி வைத்துக்கொண்டார்கள். மகளுக்கு அதில் உயிர். முழங்கைவரை கொடி, பூ, உள்ளங்கையில் பிறை. காலையில் சுரண்டிக் கழுவி, நன்றாகச் சிவந்த கையை அம்மாவிடம் காட்டி, என்னிடம் காட்டி, நேராகத் தொட்டிக்குப் போய், "ஈத் முபாரக் ஜனாப்" என்று விரலை உள்ளே விட்டாள். அது வந்து தொட்டது. ஆனால் பிடித்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலையில் வெளுத்துப்போய், கைகளெல்லாம் சுருண்டு, சட்டிக்கு வெளியே கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. மகள் சீருடையில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீதான கையை உள்ள விட்ட?"

"ஆமாம்பா. கழுவிட்டுத்தான் விட்டேன்."

"மெஹந்தி கழுவினா போய்டுமா? எல்லாம் கெமிக்கல். எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்?"

அவள் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "என்னாலயா செத்துப் போச்சு?"

"பின்ன என்னாலயா?" என்றேன்.

அன்று அவள் பள்ளிக்குப் போகவில்லை. கொல்லையில் சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டியடியில் உட்கார்ந்து, பாத்திரம் தேய்க்கும் நாரால் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மெஹந்தி அப்படியெல்லாம் போகாது. மனைவிதான் நாரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

அடுத்த வாரம் தொட்டியைக் காலி செய்தேன். மகள் பள்ளியில் இருந்தாள். மூடியிலிருந்து தோல் பட்டையை உருவியபோது அடிப்பக்கம் கொழகொழவென்று சாம்பல் நிறத்தில் இருந்தது. கை தானாகவே பாக்கெட்டுக்குப் போனது. வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து, பட்டையில் அழுத்தி, வேலையில் செய்வதுபோலவே தேய்த்தேன். பத்துத் தடவை தேய்ப்பது வழக்கம். இரண்டாவது தடவையிலேயே துணி கருத்துவிட்டது.

ஃபாக்டரியில் என்றால் லாட்டையே திருப்பியிருப்பேன். உப்புத் தண்ணீரில் இரவும் பகலும் ஊறவைத்த அந்தத் துண்டை மட்டும் தேய்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. கொன்றது சாயமா, தோல் பதனிடப் போட்ட குரோமியமா, தோலுக்கு ஊட்டிய எண்ணெயா, அதெல்லாம் தெரியாது. ஆனால் கொன்றது அதுதான். இறாலைத் தொடாத அந்த நான்கு நாட்கள் அப்போது கண் முன்னால் வந்து நின்றன.

பட்டையை டிபன் பையில் போட்டு, ஃபாக்டரியில் என் மேசை டிராயருக்குள் தள்ளினேன். மகள் வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வந்தாள், சொல்லவில்லை. குழந்தை, மறந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எப்படியும் அந்தப் பிராணிக்கு ஆயுசு ஒரு வருடம்தானே என்றும் சொல்லிக்கொண்டேன். மனைவி முன்னால் தோற்கக் கூசினேன் என்பதுதான் நிஜம். அப்புறம் கதையாகச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு தடவை சிரிப்பு கிடைத்துவிட்டால் கதையை நிறுத்துவது கஷ்டம்.

அடுத்த பெருநாளுக்கு மகள் மெஹந்தி வேண்டாம் என்றாள். பரீட்சை என்றாள். அதற்கடுத்த வருடம் தலைவலி. மூன்றாவது வருடத்திலிருந்து காரணமே சொல்லவில்லை. "பெரிய பொண்ணாயிட்டா" என்று மனைவி சொன்னாள். நான் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

போன மாதம் மனைவியின் தங்கைக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை என் மாமியார் வீட்டில் பெண்களுக்கு மெஹந்தி. கல்யாணப் பெண் என் மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "எங்கல்யாணத்துக்குக் கூடவா வெச்சிக்க மாட்டே?" மகள் சிரித்துக்கொண்டே கையை உருவி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். அந்தச் சிரிப்பு ரொம்பப் பழகிய சிரிப்பு. அவள் இதற்காகவே அதைப் பழகி வைத்திருக்கிறாள் என்று புரிந்தது.

பேப்பர் கப் வாங்க வேண்டும் என்று அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன். கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமலே, திரும்பிப் பார்க்காமலே எல்லாவற்றையும் சொன்னேன். தோல் பட்டை, இறால், கைக்குட்டை, டிராயர்.

அவள் பின்னாலிருந்து கேட்டாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"அடுத்த வாரமே."

"அப்ப நாலு வருஷமாத் தெரியும்."

"ஆமாம்மா."

"என்கிட்ட மட்டும் சொன்னா எப்படிப்பா? எல்லார்கிட்டயும் நீங்க அந்தக் கதையைச் சொன்னீங்க. நான் அங்கியே நின்னுட்டிருக்கச்ச சொன்னீங்க."

அவள் குரல் உயரவில்லை. இறங்கிப் போய்க் கப்புகளை அவளே வாங்கி வந்தாள்.

மத்தியானம் விரிப்புப் போட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மனைவியின் அண்ணன் புது மாப்பிள்ளை வீட்டாரிடம், "இவரு வீட்ல ஆக்டோபஸ் வளர்த்தவரு. அந்த மெஹந்தி கதையைச் சொல்லுங்க மச்சான்" என்றார். மகள் கத்திரிக்காய்க் கிண்ணத்தோடு வாசற்படியில் நின்றாள். நான் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தேன்.

"அது பொய்யி. எம் பொண்ணு ஒண்ணும் பண்ணல. நான்தான் சாயத் தோலைத் திணிச்சிக் கொன்னேன். தெரிஞ்சே பழியை அவ மேல போட்டேன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். வழக்கத்தைவிடப் பலமாகச் சிரித்தார்கள். "தோலு பாக்குறவரே தோலுல மாட்டிக்கினாரு" என்று மனைவியின் அண்ணன் தொடையைத் தட்டினார். மனைவி உள்ளேயிருந்து, "நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" என்றாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை. மகள் ஒவ்வொரு தட்டாகக் கத்திரிக்காய் வைத்துக்கொண்டே வந்து என் தட்டிலும் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் துணிமணி எடுக்க இருவரும் வீட்டுக்கு வந்தோம். காலி மீன் தொட்டியில் இப்போது போர்வைகளை மடித்து வைத்திருக்கிறோம். அவள் அதிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டிருந்தபோது, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"இப்பப் போய் வெச்சிக்கலாமே? மெஹந்தி கோன் இன்னும் மிச்சம் இருக்கும். நானே கூட்டிட்டுப் போறேன்."

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் போர்வையை மார்போடு அணைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்து, என்னைச் சமாதானப்படுத்துவதுபோலச் சொன்னாள்.

"வேணாம்பா. மொதல்ல பயந்துதான் வெச்சிக்கல. இப்ப எனக்கு அந்த வாசனையே பிடிக்கல. நெஜமாவே பிடிக்காமப் போய்டுச்சு."