பத்துத் திரி அடுப்பும் தெம்பனிஸ் பாலும்

தெம்பனிஸில் மகளுக்குப் புது வீட்டுச் சாவி கிடைத்தது. கேஸ் இணைப்புக் கொடுக்கிறவர் அடுத்த வாரம்தான் வருவாராம். நல்ல நாளோ திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் பால் பொங்க வேண்டும். தவறினால் அடுத்த நல்ல நாள் ஒரு மாதம் தள்ளி. அவள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று, சாமான் லாரி எட்டு மணிக்கு வருகிறது. பால் பொங்காமல் ஒரு தலையணைகூட உள்ளே போகக் கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டாள்.

"இண்டக்‌ஷன்ல வெக்கலாமேம்மா."

"பித்தளைப் பானை அதுல சூடாவாதுடி. நெருப்பே இல்லாம அது என்ன பால் காய்ச்சுறது?"

நான் வாயைத் திறந்தேன். அதுதான் தப்பு. "என் மண்ணெண்ணெய் ஸ்டவ் இருக்குல்ல!"

செம்பவாங்கில் எங்கள் வீட்டில், துணி காயப்போடும் இடத்தில், பத்துத் திரி ஸ்டவ் ஒன்று வைத்திருக்கிறேன். கருவாடு வறுக்க. அந்த வாசத்துக்காக மனைவி அதையும் என்னையும் சேர்த்தே அங்கே தள்ளிவிட்டிருந்தாள்.

ஜாலான் புசார் ஹார்ட்வேர் கடையில் புதுத் திரி வாங்கினேன். "முதலில் ஊற வை" என்றார் கடைக்கார அங்கிள், மலாய் மொழியில். எனக்கேவா? "தெரியும் லா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தெரியும்தான். ஆனால் வீட்டிலேயே திரி போட்டு ஊறவைத்தால் என் திறமையை யார் பார்ப்பது? திங்கட்கிழமை காலை, புது வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கப் பத்துத் திரியையும் கோத்தேன். நுனிகளை ஒரே மட்டத்துக்கு வெட்டினேன். எண்ணெயை ஊற்றினேன். உடனே தீக்குச்சியைக் கிழித்தேன்.

எண்ணெய் மேலே ஏறவில்லை. பஞ்சுதான் எரிந்தது. மஞ்சள் தீ, கறுப்புப் புகை. கூரையில் இருந்த தீ அலாரம் அலறியது. மருமகன் தரை துடைக்கும் மாப்புக் கம்பால் அதன் பட்டனைக் குத்திக் குத்தி அடக்கினார்.

"மாமா, இன்னும் குடியே வரல. அதுக்குள்ள எரிக்கணுமா?"

"பள்ளிக்கூடத்துல இவருக்கு ஒண்ணும் ஏறல," என்றாள் மனைவி. "திரியும் இவரு மாதிரியே வாங்கிட்டு வந்துருக்காரு."

மணி ஆறு ஐம்பது. மகள் கைப்பேசியில் மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்குத் திட்டைவிட உறைத்தது. தீயை அணைத்துக் கருகிய நுனிகளை வெட்டினேன்.

"கால் மணி நேரம் யாரும் தொடாதீங்க. எண்ணெய் ஏறட்டும்."

செய்வதற்கு ஒன்றுமில்லை. நாற்காலிகூட இல்லாத வீடு. நால்வரும் ஸ்டவ்வைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தோம். சன்னலில் வானம் மெல்ல வெளுத்தது. தூரத்தில் எம்ஆர்டி ரயில் போகிற சத்தம் வெற்றுச் சுவர்களுக்குள் வந்து, திரும்ப வழி தெரியாமல் சுற்றியது. மண்ணெண்ணெய் வாசத்தில் என் தலை லேசாகிவிட்டது. பத்து வெள்ளைத் திரிகளும் ஒவ்வொன்றாக நனைந்து நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. அந்த வீட்டில் அதற்கு முன்னால் யாருமே மூச்சுவிட்டதில்லை என்று தோன்றியது.

ஏழு ஐந்துக்குப் பற்றவைத்தேன். முதலில் மஞ்சள். திரியைக் கொஞ்சம் இறக்கினேன். நீலம் ஒரு திரியிலிருந்து அடுத்ததற்குத் தாவி, வட்டமாகச் சேர்ந்து நின்றது. என் மனைவிகூடக் குனிந்து பார்த்தாள்.

பானையை ஏற்றினோம். பால் அசையாமல் கிடந்தது. ஏழு இருபதுக்கு ஓரத்தில் ஒரு முத்து. ஏழு இருபத்தைந்துக்கு ஆடை சுருங்கியது.

"ஏறு, ஏறு," என்று மகள் பாலிடம் கெஞ்சினாள்.

ஏழு இருபத்தெட்டுக்கு அது விளிம்பைத் தாண்டி வழிந்து, நீலத் தீயின் மேல் உஸ்ஸென்று விழுந்தது. பாதித் திரி அணைந்துவிட்டது. அணைந்தால் என்ன? "பொங்கிருச்சு! பொங்கிருச்சு!" என்று நால்வரும் கத்தினோம். அலாரத்தைவிடப் பெரிய சத்தம்.

மகள் ஒரு வாய் குடித்தாள்.

"அப்பா, மண்ணெண்ணெய் வாசம் அடிக்குது லா."

"சும்மா குடி. நம்ம வீட்டுப் பாலு அப்படித்தான் இருக்கும்."

"எங்க வீட்டுப் பாலு," என்று திருத்தினாள். டம்ளரை வைத்துவிட்டு, புதுத் தரையில் கன்னத்தைச் சாய்த்துப் படுத்தாள். முந்தின ராத்திரி முழுக்கச் சாமான் கட்டியவள். அப்படியே தூங்கிப்போனாள். லாரி கீழே வந்து ஹாரன் அடிக்கும்வரை யாரும் அவளை எழுப்பவில்லை.