கொடுக்காத தும்பைப் பூ

தஞ்சாவூரில் எங்கள் வீட்டு முன்னால் ஒரு புல்தரை இருந்தது. தினமும் தண்ணீர் விட்டு அலுத்துப்போய், அதைக் கொத்திவிட்டு, இந்த மண்ணுக்கே உரிய தும்பையும் துத்தியும் ஆவாரையும் விதைத்தேன். ஒரே மழைக்காலத்தில் செடிகள் இடுப்பளவு வளர்ந்து, பட்டாம்பூச்சிகள் வந்தன.

பக்கத்து வீட்டு அக்கா பிரதோஷம் தவறாமல் கூடையோடு வருவார். "சிவனுக்குத் தும்பைன்னா உசுரும்மா. நீ நல்லா இருக்கணும்" என்றபடி பறிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருச் சங்கத்தார் மனுவோடு வந்தார்கள்.

"பாம்பு அடையுதுன்னு எல்லாரும் பயப்படுறாங்க. வெட்டிடுங்க."

அவர்களோடு சண்டை போடத்தான் மனுவை வாங்கினேன். முதல் கையெழுத்து அக்காவுடையது. மனுவை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். மறுநாளே ஆள் வைத்து எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன்.

அடுத்த பிரதோஷத்துக்கு அதே அக்கா, அதே கூடையோடு வந்து மொட்டைத் தரையைப் பார்த்தார்.

"அடடா, ஒரு கைப்பிடிகூட இல்லையாம்மா?"

மோட்டார் குழாய்க்குப் பின்னால் ஒரேயொரு தும்பைச் செடி தப்பிப் பிழைத்து, வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. நான் நகர்ந்துபோய் அதை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"இல்லைக்கா. எல்லாம் போச்சு."

அவர் வெறுங்கூடையோடு திரும்பினார். சாமிக்குப் போகவேண்டிய பூவை இல்லையென்று சொன்னது பாவம்தான். ஆனால் இன்றைக்கு வந்து கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.