அரிசிப் பானையில் பதிந்த கை

அம்மாவின் பிரிவில் எங்களைத் தனியே விடாத உறவினர்க்கும் நண்பர்க்கும் வணக்கம்.

அம்மாவைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்தால் பேனா தயங்குகிறது. யாராவது தம்மைப் புகழ்ந்தால், "இவைக்கு இப்ப என்ன வேணுமாம்?" என்றுதான் அவர் கேட்பார். ஆனாலும் எழுத ஒரு காரணம் இருக்கிறது. இறுதிக் கிரியை நாளில் வாய்க்கரிசி போட நின்ற பெண்களின் வரிசையில், கழுத்தில் சிலுவை அணிந்த ஒருவரும் நின்றார். அவர் யார், என்ன உரிமையில் நின்றார், வீட்டில் பங்கு கேட்க வந்தவரா என்று உங்களில் சிலர் என் காதுபடவே கதைத்தீர்கள். அதற்காக நான் கோபிக்கவில்லை. சந்தேகம் எங்கள் குடும்பச் சொத்து. ஆனால் பதிலையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

அம்மா வடமராட்சியில் ஒரு புகையிலைத் தோட்டக்காரர் வீட்டில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். பிறவியில் இடக்கைக்காரர். பெண்பிள்ளை இடக்கையால் புழங்கினால் எவன் கட்டுவான் என்று வீட்டில் அடித்து மாற்றினார்கள். மாறியது மற்றவர்களின் கண்ணுக்கு மட்டும்தான். பிறர் முன்னால் வலக்கை, தனியே இருந்தால் இடக்கை என்று கடைசிவரை வாழ்ந்தார். இது பிள்ளைகளாகிய எங்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியம்.

அம்மாவைக் கட்டிய ஐயாவுக்கு வவுனியாவில் மரம் விற்கும் ஒரு மரக்காலையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தபோது, வன்னியில் சோற்றுக்கு என்ன பஞ்சம் என்று சொல்லித்தான் எல்லோரும் வழியனுப்பினார்கள். அம்மா நம்பவில்லை. நம்பாதது நல்லதாயிற்று. பூவரசங்குளத்து நெல் வண்டிகள் எங்கள் வாசலால்தான் போகும். கொக்கிளாய் மீன் எங்கள் கண்முன்னால்தான் வந்து இறங்கும். இரண்டும் கொழும்பு ரயிலில் ஏறிவிடும். மிஞ்சியதைக் கொழும்பு விலைக்கே எங்கள் தலையில் கட்டுவார்கள். மாற்றலாகி வந்த உத்தியோகத்தர்கள் கேட்ட வாடகையைப் பேசாமல் கொடுத்ததால் வீட்டு வாடகையும் ஏறிப்போனது. எங்களுக்குப் பாதி வீடுதான் கட்டுப்படியானது.

மறுபாதியில் கொக்கிளாயைச் சேர்ந்த திரேசா அக்காவும் கருவாட்டு வியாபாரம் செய்த அவருடைய கணவரும் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சமைக்க இரு வீட்டுக்கும் குசினி ஒன்றுதான். கடைக்குப் போனால் தராசை விட்டுவிட்டுக் கடைக்காரரின் விரலைப் பார்க்கும் அம்மாவுக்கு அது எப்படிப் பிடிக்கும்? எங்கள் தேங்காய் எண்ணெயில் அவர்களுடைய கருவாடு பொரிகிறது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பிறகு ஐயா நெஞ்சு நோயில் விழுந்தார். சம்பளம் நின்றது. ஊருக்கு வரும்படி பெரிய மாமா ஆள் அனுப்பினார். அண்ணன் வீட்டுச் சோற்றை ஆயுள் முழுக்கச் சாப்பிட அம்மாவுக்கு மனம் வரவில்லை. பங்கீட்டில் வந்த கூப்பன் அரிசி தீர்வதற்குள் தையல் வேலை கிடைக்காவிட்டால் போய்த்தான் ஆகவேண்டும் என்ற நிலை. அரிசியை யாரும் தொடக்கூடாதென்று, உலைக்கு எடுத்த பின் ஒவ்வொரு முறையும் பானைக்குள் அதைச் சமன் செய்து, யாரும் பார்க்காதபோது மேலே தம் கையை அழுத்திப் பதித்து மூடுவார்.

சில நாட்களின் பின் பானையைத் திறந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, இதைப் பார். பெருவிரல் எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம், அம்மா."

"அப்ப இது வலக்கை. ஆற்றை கை? என்ரை இல்லை."

கையடையாளம் மாறியிருந்தது. ஆனால் அரிசி குறையவில்லை, கூடியிருந்தது. அம்மா பயந்துபோனார். "களவெண்டால் பிடிச்சுப் பேசலாம். இது என்னத்துக்கு?" செய்வினையோ, கிறிஸ்தவ வேதத்துக்கு இழுக்கும் வழியோ, எங்களைக் கடமைப்படுத்தி முழு வீட்டையும் எடுக்கும் எண்ணமோ என்று அன்று முழுக்க யோசித்தார். எங்களுக்கோ பசி. கடைசியில் உலை வைத்தார். வடித்த சோற்றைத் தாம் முதலில் சாப்பிட்டார். எங்களைத் தொடவிடாமல் நெடுநேரம் சுவரோடு சாய்ந்திருந்தார். தமக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட பிறகுதான் எங்களுக்குப் போட்டார். அம்மா எங்களுக்கு முன் சாப்பிட்டது அந்த ஒரு நாள்தான்.

அடுத்த நாள் குசினியிலேயே கேட்டுவிட்டார்.

"நீரே அரிசி போட்டனீர்?"

திரேசா அக்கா தலை குனிந்தார். "ஓமக்கா."

"எங்களிட்டை என்னத்தை எதிர்பாக்கிறீர்?"

"ஒண்டுமில்லை அக்கா. நீங்கள் அடிச்சட்டியைச் சுரண்டுற சத்தம் அறைக்குள்ளை கேக்குது. அதைக் கேட்டுக்கொண்டு எனக்குச் சோறு இறங்குதில்லை. என்னெண்டு கண்டுபிடிச்சனீங்கள்? கையைக்கூட அப்பிடியே வைச்சனானே?"

அம்மா, யாருக்கும் காட்டாத இடக்கையைப் பானைக்குள் விட்டு அரிசியில் அழுத்திக் காட்டினார்.

அதன் பிறகும் பானையில் அரிசி கூடிய நாட்கள் இருந்தன. அடையாளம் எப்போதும் இடக்கைதான். எது யாருடையது என்று அம்மாவாலேயே சொல்ல முடியவில்லை. நாங்கள் ஊருக்குத் திரும்பவில்லை. தையல் வேலை கிடைத்தது. ஐயா மறைந்த பின்னும் அதைக்கொண்டே எங்கள் மூவரையும் அம்மா ஆளாக்கினார்.

அதற்காக அம்மா திரேசா அக்காவை முழுதாக நம்பிவிட்டார் என்று எழுதினால் அது பொய். அவர்கள் கொக்கிளாய்க்குத் திரும்பிப் போனபோதும், "இனித்தான் ஏதும் கேட்டு வருவா, பார்" என்றார். படுக்கையில் கிடந்த கடைசி நாட்களில் ஒருமுறை என் கையைப் பிடித்துச் சொன்னார்:

"அவள் கடைசிவரைக்கும் ஒண்டும் கேக்கேல்லை, பிள்ளை. நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

அம்மாவைப் பராமரித்த வைத்தியருக்கும், வண்டி பிடித்து ஓடிவந்த பெரிய மாமாவுக்கும், பந்தலிட்ட அயலவர்க்கும், அடுப்பைப் பார்த்துக்கொண்ட பெண்களுக்கும் எங்கள் நன்றி என்றும் உண்டு.

திரேசா அக்கா இடக்கையால் வாய்க்கரிசி போட்டதைக் கண்டு முகம் சுளித்தவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அவர் வலக்கைக்காரர். அம்மாவுக்கு எந்தக் கையால் அரிசி போடவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.